அது கலகப் பாட்டு இல்லை

கேள்வி: ஜெர்மனியின் பிரதமராக (சான்சலர்) இருந்த ஏஞ்சலா மெர்கல் 2021-ல் விடைபெற்றபோது ராணுவ பேண்ட் வாசித்த, 'கலர் ஃபிலிமை மறந்துவிட்டாய்' என்ற பழைய ஜெர்மன் பாட்டின் இசைத்தட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பாடியவர் நீனா ஹாகன். 'கிழக்கு ஜெர்மனி அரசு தடை செய்த கலகப் பாட்டு, அதனால் விலை கூடுதல்' என்கிறார் விற்பவர். அர்த்தம் தேடிப் படித்தால் காதலனைத் திட்டும் ஒரு பெண்ணின் சிணுங்கலாகத்தான் இருக்கிறது. கலகம் எங்கே ஒளிந்திருக்கிறது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. நீங்கள் படித்தது சரி. விற்பவர் சொல்வதுதான் கட்டுக்கதை.

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளைப் பாருங்கள். 'அமிகா' என்று இருக்கும். 1990 வரை தனி நாடாக இருந்த கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் பாப், ராக் தட்டுகள் அந்தப் பெயரில்தான் வந்தன. நடத்தியது அரசு நிறுவனம். கோபித்துக்கொண்டு போவதற்கு இன்னொரு கம்பெனி கிடையாது. அங்கே மேடையேற வேண்டுமென்றால் தேர்வுக் குழுவின் முன் பாடிக்காட்டி அனுமதி வாங்க வேண்டும். வரிகளைப் படித்துப் பார்க்கத் தனி ஆட்கள். நிகழ்ச்சியில் நூற்றுக்கு அறுபது பாட்டாவது சொந்த நாட்டிலோ தோழமை நாடுகளிலோ எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 1958-லேயே விதி போட்டுவிட்டார்கள். இத்தனையும் தாண்டி, 1974-ல் அந்த அரசே அச்சடித்து அந்த அரசே விற்ற தட்டு அது. நன்றாக ஓடவும் செய்தது.

பாட்டில் நடப்பது இவ்வளவுதான். பால்டிக் கடலில் ஹிடன்சே என்று ஒரு சின்னத் தீவு. ஒரு பெண்ணும் அவள் காதலன் மிஹாயேலும் விடுமுறைக்குப் போகிறார்கள். அவள் வெறுங்காலால் மணலை உதைக்கிறாள். தோளில் போட்ட அவன் கையைத் தட்டிவிடுகிறாள். அவள் போடும் கூச்சலில் முயல்கள் வளையிலிருந்து பயந்து பயந்து எட்டிப் பார்க்கின்றன. அவன் செய்த குற்றம், கேமராவுக்குக் கலர் ஃபிலிம் எடுத்துவர மறந்தது. இங்கே எவ்வளவு அழகாக இருந்தது என்று இனி ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் பல்லவியின் புலம்பல். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்குகிறாள். பிகினியில் நான், நிர்வாணக் குளியல் கரையில் நான், குட்டைப் பாவாடையில் நான் என்று அடுக்கிக்கொண்டே போய், இயற்கைக் காட்சியும் இருக்கிறது என்று ஒப்புக்கு ஒரு வரி. எல்லாம் கறுப்பு வெள்ளை என்று அழுகை. தீவின் அழகை உலகுக்குக் காட்ட முடியவில்லையே என்று துடிப்பவள் எடுத்த படம் முழுக்க அவளேதான் நிற்கிறாள். பாட்டின் குறும்பு அங்கே இருக்கிறது.

இசையும் அதே குறும்பில் போகிறது. மிஹாயேல் ஹொய்பாக் போட்ட மெட்டு, ஜெர்மனியில் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிக் கேட்ட ஜனரஞ்சகப் பாட்டுகளை நக்கலடிக்கும் மெட்டு. 'ஆட்டோமொபில்' என்ற குழுவோடு பாடியபோது நீனாவுக்கு 19 வயது. செல்லம் கொடுத்துக் கெடுத்த சிறுமி மாதிரி மூக்கால் இழுத்துப் பாடுகிறார். திடீரென்று குரலைக் கீழே இறக்கி உறுமுகிறார். பிற்காலத்தில் 'பங்க் இசையின் தாய்' என்று அவரைக் கொண்டாடினார்கள். அந்த உறுமல் இந்தத் தட்டிலேயே கேட்கிறது.

பற்றாக்குறையைப் பற்றிய கிண்டலாவது இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரில் பெரிய ஃபிலிம் ஆலையே இருந்தது. அங்கே தயாரான சரக்குதான் நம் பழைய சினிமா போஸ்டர்களில் பார்த்த 'ஆர்வோ கலர்'. டாலர் தேவைப்படாத ரூபாய் வர்த்தகத்தில் இங்கே வந்து குவிந்தது. செய்த நாட்டிலோ கலர் ஃபிலிம் விலை கூடுதல், கடைக்குப் போனால் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. மறந்தால் மறந்ததுதான், தீவில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1974-ல் கேட்டவர்கள் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். ஆனால் ரேஷனில் பாமாயில் வரவில்லை என்று முனகுகிறவர் எல்லாம் ஆட்சியைக் கவிழ்க்கவா புறப்படுகிறார்?

இன்னொரு கூட்டம் தீவையே சங்கேதமாக்குகிறது. வானம் தெளிவாக இருந்தால் ஹிடன்சேயிலிருந்து டென்மார்க்கின் மோன் தீவு தெரியும், அந்தக் கடல் வழியே நாட்டை விட்டுத் தப்பிக்கப் பார்த்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் அது பாட்டில் இல்லை. இல்லாததைக் கொண்டுபோய் வைப்பது, செத்தவர்களுக்கும் மரியாதை ஆகாது, பாட்டுக்கும் ஆகாது.

சரி, தடை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நீனாவின் அம்மா ஏவா-மரியா ஹாகன் பிரபல நடிகை. அவருடன் சில ஆண்டுகள் வாழ்ந்தவர், அரசை விமர்சித்துப் பாடிய வோல்ஃப் பீர்மன்; நீனாவுக்கு வளர்ப்புத் தந்தை போல. 1965 முதல் அவருக்குச் சொந்த நாட்டில் மேடை கிடையாது. 1976 நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் பாட அனுப்பிவைத்தார்கள். பாடி முடித்த சில நாட்களில் குடியுரிமையைப் பறித்து, திரும்பி வராதே என்றார்கள். நீனாவும் அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பினார். போனவர்களின் குரல் அப்புறம் வானொலியில் கேட்காது. அங்கே அதுதான் வழக்கம். அதாவது வாயடைத்தது பாடகியை, அதுவும் பாட்டு வந்து இரண்டு ஆண்டு கழித்து. வரிகளில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை.

பாட்டை எழுதியவர் குர்ட் டெம்லர். கிழக்கு ஜெர்மனி ராக் குழுக்களுக்கு ஏராளமாக எழுதிக் கொடுத்தவர். பீர்மனை வெளியேற்றியதைக் கண்டித்துக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2009-ல், விசாரணைக் கைதியாக இருந்த சிறையறையில் இறந்து கிடந்தார். கலகக் கதை சொல்கிறவர்கள் கையெழுத்தைச் சொல்வார்கள், வழக்கை விழுங்கிவிடுவார்கள்.

இனி மெர்கல். அவர் வளர்ந்தது கிழக்கில், டெம்ப்ளின் என்ற சிறுநகரில். பாட்டு வந்தபோது அவருக்கும் ஏறக்குறைய நீனாவின் வயதுதான். ஏன் இந்தப் பாட்டு என்று நிருபர்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் புதிர் எதுவும் இல்லை: என் இளமையில் பிடித்த பாட்டு, என் இளமை கிழக்கு ஜெர்மனியில் கழிந்தது, பாட்டில் வரும் இடம் என் தொகுதியில் இருந்தது. (அவருக்கும் நீனாவுக்கும் ஆகவே ஆகாது என்பது தனிக் கதை. 1992-ல் போதைப்பொருள் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில் நீனா கத்திவிட்டு எழுந்து போய்விட்டார். மெர்கல் அப்போது அமைச்சர்.) ஆனால் விடைபெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2021 அக்டோபர் 3 அன்று, ஹாலே நகரில் மெர்கல் பேசியதையும் சேர்த்துப் படியுங்கள். அவருடைய கட்சியைச் சார்ந்த அறக்கட்டளை வெளியிட்ட புத்தகத்தில் ஒருவர், அவரது கிழக்கு ஜெர்மனி வாழ்க்கையைச் சுமந்து வந்த பாரம் என்று எழுதியிருந்தார். பதினாறு ஆண்டு நாட்டை ஆண்ட பிறகும் 35 வயது வரை வாழ்ந்ததை வேண்டாத மூட்டையாகப் பார்க்கிறார்களே என்ற வருத்தத்தை அந்த மேடையில் மறைக்காமல் சொன்னார். பிறகு டிசம்பர் 2 அன்று, பெர்லினில் பாதுகாப்பு அமைச்சக வளாகத்தில், தீவட்டி வெளிச்சத்தில் ராணுவ பேண்ட் இந்தச் சிணுங்கல் பாட்டை நெஞ்சை நிமிர்த்தி வாசித்தது. அரசியல் என்று ஏதாவது இருக்கிறதென்றால் அது இங்கே இருக்கிறது: அந்த நாட்டில் எனக்கும் ஒரு இளமை இருந்தது, அதில் கடற்கரையும் காதல் சண்டையும் கிறுக்குப் பாட்டும் இருந்தன என்று அவர் சொல்லிவிட்டுப் போனது. கலகப் பாட்டாக மாற்றினால் அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்கள். ரகசியக் காவல் கண்காணித்த நாட்டில் இருந்தவர்கள் சும்மா சிரித்துக்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைப்பது வெளியில் இருப்பவர்களின் திமிர்.

தட்டை வாங்குங்கள், தாராளமாக. 45 வேகத்தில் போட வேண்டும். ஊசி தாண்டாமல் இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று விற்பவர் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஹிட் தட்டு, அபூர்வப் பொருள் அல்ல. தடைக் கதைக்காகக் கூட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும்.