தைராய்டு நார்மல், ஆனால் கால்சியம்?

சகோதரி, டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல், எல்லாம் டென்ஷன்தான் என்று டாக்டர் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் கால்சியம் இரண்டு முறையும் 10.8, அது கொஞ்சம் அதிகம். சிறுநீரகக் கல், எலும்பு வலி வேறு. எனக்கென்னவோ பாராதைராய்டு மேல்தான் சந்தேகம்; தைராய்டை ஒட்டி இருக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சுரப்பிகள் அவை, டி.எஸ்.எச். அதைக் காட்டாது.

கால்சியம், அல்புமின் (ரத்தப் புரதம்), பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே வைட்டமின் டி. கால்சியம் ஏறினால் பி.டி.எச். இறங்கியிருக்க வேண்டும். அது ‘நார்மல்’ என்று வந்தாலும் சந்தேகத்துக்குரியதுதான்; இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் சொல்லுங்கள், ரிசல்ட்டைக் குழப்பும். ஸ்கேனுக்கு இப்போது அவசரமில்லை, அது ஆபரேஷனுக்கு முன் கெட்ட சுரப்பி எங்கே என்று தேடத்தான்.

அப்புறம், பழைய ரிப்போர்ட்டுகளோடு ஓர் எண்டோகிரைனாலஜிஸ்ட்டை (ஹார்மோன் டாக்டரை) பாருங்கள். இடையில் வாந்தி, மனக்குழப்பம், அடங்காத தாகம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.