ஸ்டோல் போட்டம், சனமும் வந்திச்சு, மறுகா என்ன?

இந்த முறை வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே சங்கதிதான். கண்காட்சி, செமினார், திருவிழா எண்டு சனத்த நேர்ல சந்திக்கிறம், ஆனா அதால பேஸ்புக் பேஜுக்கும் வட்ஸ்அப்புக்கும் ஒண்டும் வரல்ல எண்டு. சிலதுக்கு நீட்டி முழக்கித்தான் பதில் சொல்லணும், சிலதுக்கு ரெண்டு வரி காணும்.

கேள்வி (மருதமுனை): நாங்க கைத்தறி சாரி, சாரம் செய்யிறம். கல்முனையிலயும் மட்டக்களப்பிலயும் ஸ்டோல் போட்டா நல்லா விக்கிது. வீட்ட வந்தா பேஜில ஒரு ஓடர் இல்ல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இரிக்கு அண்ணன்.

பதில்: சம்பந்தத்த நீங்கதான் உண்டாக்கணும் தம்பி, தானா வராது. ஸ்டோலுக்கு வாற ஒரு அம்மா என்ன செய்யிறா எண்டு ஒருக்கா நிண்டு பாருங்க. எடுத்த உடன விலை கேக்க மாட்டா. முந்தானைய விரிச்சு, மறுபக்கம் திருப்பி, கரையில விரலால தேச்சுப் பாத்திட்டு "சாயம் போகுமா தம்பி?" எண்டு கேப்பா. பக்கத்தில நிக்கிறவ "கழுவினா சுருங்குமா?" எம்பா. மறுகா ஒராள் வந்து "இது கையால நெஞ்சதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு உங்களயே மடக்குவார். இதெல்லாம் காசு தம்பி. ஒரு சீஆர் கொப்பி வெச்சு, அவங்க கேட்ட சொல்லாலயே எழுதுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்ன வீடியோ. சாயம் போகுமா எண்டதுக்கு ஒரு வாளித் தண்ணியில அந்தச் சாரிய முக்கி எடுத்து தண்ணிட நிறத்தக் காட்டுங்க, கொஞ்சம் சாயம் கழண்டா அதையும் மறைக்காமக் காட்டி, முதல் தரம் தனியாக் கழுவச் சொல்லுங்க. கைத்தறி எண்டதுக்கு தறியில நாடா ஓடுற சத்தத்தோட அரை நிமிசம் காணும், பாட்டுப் போட்டு அந்தச் சத்தத்த மூடிராதீங்க. இப்ப உங்கட பேஜில கிடக்கிறது "தரமான கைத்தறி ஆடைகள், தொடர்புகளுக்கு" எண்ட ஒரே போட்டோ, அத ஆரும் கேட்டாங்களா?

அடுத்தது நம்பர். கனபேர் ஸ்டோல்ல ஒரு கொப்பிய நீட்டி 300 பேரிட நம்பர எழுதிக்கொண்டு வந்து, வட்ஸ்அப் புரோட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே மெசேஜ ஒரே தரத்தில கனபேருக்கு அனுப்புற வசதி) போட்டு அனுப்பிட்டு, ஆரும் பாக்கிறாங்க இல்ல எண்டு கவலப்படுறாங்க. ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும்தான் போடலாம், அதிலயும் உங்கட நம்பரத் தங்கட போன்ல சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதால அவங்கட நம்பர நீங்க எழுதுறத விட, உங்கட நம்பர அவங்க சேவ் பண்ணுறதுதான் முக்கியம். சும்மா கேட்டாச் செய்ய மாட்டாங்க. "அக்கா, இந்தச் சாரிய எப்பிடிக் கழுவிக் காயப் போடுற எண்டு வீடியோ அனுப்புறன், நம்பர சேவ் பண்ணிட்டு ஒரு மெசேஜ் போட்டு விடுங்க" எண்டு சொல்லிப் பாருங்க, உடன போன எடுப்பாங்க. வீடியோவ அண்டைக்கு ராவே அனுப்பிரணும், மூண்டு நாள் போனா நீங்க ஆரெண்டே ஞாபகம் இராது. புது டிசைன் வந்தா அனுப்பலாமா எண்டும் அப்பவே கேட்டிருங்க. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இரிக்கு, அது ஒரு பக்கம் கிடக்கட்டும், கேக்காம அனுப்பினா பிளொக் பண்ணிட்டுப் போயிருவாங்க.

போனால ஸ்கேன் பண்ணினா நம்மட வட்ஸ்அப் திறக்கிற கியூஆர் கட்டத்த ஒட்டுறது பற்றி என்ட அனுபவம் ஒண்டு. இலவசமாச் செஞ்சு தாற ஒரு இணையத்தளத்தில செஞ்சு, பெரிய பெனர்ல அடிச்சு, கல்லடிக் கடற்கரையில நடந்த ஒரு விசயத்துக்குக் கொண்டுபோனன். ஸ்கேன் பண்ணினா "உங்கள் இலவசக் காலம் முடிந்துவிட்டது" எண்டு வருது. பெனர் காசும் போய், வெக்கமும் கெட்டுது. யாவாரக்காரருக்கெண்டு இரிக்கிற வட்ஸ்அப் பிஸ்னஸ் அப்புக்குள்ளயே கியூஆர் இரிக்கு, அத எடுங்க, மேசைக்குக் கீழ ஒட்டாம கண் மட்டத்தில ஒட்டுங்க, சனம் முன்னுக்கு நிண்டா கீழ ஒட்டினது தெரியவே தெரியாது.

கேள்வி (களுவாஞ்சிகுடி): வீட்டில கேக் செய்யிறன். ஒரு கண்காட்சியில, பேஜ லைக் பண்ணினா சீட்டிழுப்பில ரைஸ் குக்கர் எண்டு போட்டன். ஒரே நாள்ல கனக்க லைக் வந்திச்சு, ஓடர் வரல்ல.

பதில்: ரைஸ் குக்கருக்கு வந்த சனம் ரைஸ் குக்கரோட போயிரும் தங்கச்சி. அடுத்த முறை பரிசா உங்கட கேக்கையே வைங்க, துண்டில வீட்டில ஆருக்கு எந்த மாசம் பிறந்தநாள் எண்டு எழுதச் சொல்லுங்க. அந்த மாசத்துக்கு ரெண்டு கிழமை முந்தி ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

கேள்வி (மட்டக்களப்பு): ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலடியில மோர்ப் பந்தல் போடலாம் எண்டு இரிக்கிறம். தயிர் யாவாரம் நமக்கு. பேஸ்புக் லைவ் போடலாமா? விளம்பரம் மாதிரித் தெரிஞ்சா சனம் ஏசுமா?

பதில்: ஏசும், அதுவும் நியாயந்தான். தீர்த்தம் ஆடிட்டு ஈர உடுப்போட வாற மனிசனுக்கிட்ட மோரையும் குடுத்து பேஜையும் லைக் பண்ணச் சொன்னா அது தர்மமும் இல்ல, யாவாரமும் இல்ல. பந்தல்ல பேர் இரிந்தாக் காணும். லைவ் வேணாம், அந்த நெரிசலுக்குள்ள சிக்னல் இழுக்காது, படம் திக்கித் திக்கித்தான் நிக்கும். எடுத்து வெச்சிட்டு ராவைக்கு ஏத்துங்க. ஆனா நல்ல வீடியோ பந்தல்ல இல்ல, அதுக்கு முதல் நாள் ராவு உங்கட வீட்டு முத்தத்தில இரிக்கு. எருமத் தயிர்ச் சட்டி வரிசையா இறங்குது, ஒராள் கடையிறார், மச்சாள் இஞ்சி தட்டுறா, கறிவேப்பிலைய ஆர் உருவுற எண்டு சின்னப் புள்ளைகள் சண்ட. அத அப்பிடியே போடுங்க. குடிக்க வாற ஆக்கள்ற முகத்த கேக்காம எடுக்க வேணாம்.

கேள்வி (அறுகம்பை): கெஸ்ட் ஹவுஸ் நடத்துறம். கிழமைக்கு ஒருக்கா ராவுச் சமையல் நிகழ்ச்சி வைக்கிறம், வெள்ளைக்காரர் விரும்பி வாறாங்க. கூகுள்ல ரிவியூ போட்டா பில்லில குறைக்கலாமா?

பதில்: வேணாம். ரிவியூக்குக் கழிவு, பரிசு எதுவும் குடுக்கிறது கூகுளிட விதிக்கு மாறு, பிடிபட்டா ரிவியூ தூக்குப்படும். கணவாக் கறியோட ரொட்டி சுட்டுக் குடுத்த கையோட கேட்டாலே போடுவாங்க, ஆனா "நல்ல இடம்" எண்டு மட்டும் எழுதிட்டுப் போவாங்க. "இண்டைக்கு என்ன சமைச்சீங்க எண்டு எழுதுங்க" எண்டு சொல்லுங்க, அதுதான் அடுத்த ஆள இழுக்கும். சர்ப் சீசன் முடிஞ்சு அங்கால கடை பூட்டினாப் போல கிடக்கேக்க, வாற ரிவியூ ஒவ்வொண்டுக்கும் மறுமொழி எழுதி முடிங்க.

கேள்வி (மட்டக்களப்பு டவுன்): இலவச ஆங்கில செமினாருக்கு 60 பேர் போர்ம் நிரப்பினாங்க, 18 பேர்தான் வந்தாங்க. மானம் போச்சு.

பதில்: மானம் எங்க போச்சு, இலவசம் எண்டா அப்பிடித்தான். முதல் நாள் பின்னேரம் ஒரு மெசேஜ், அண்டைக்குக் காலம 30 செக்கன் குரல் பதிவு ஒண்டு, "கதிர போட்டு வெச்சிரிக்கம், வருவீங்கதானே" எண்டு. குரலக் கேட்டா வராம இரிக்க ஒரு கூச்சம் வரும். 60 கதிரையப் போட்டு 18 பேர இரித்தாதீங்க, 25 கதிர போடுங்க. அந்த 18 பேருக்குள்ள ஒராள் எழும்பி தட்டுத் தடுமாறி இங்கிலிஸ்ல தன்னப் பத்திச் சொல்லியிருப்பாரே, அவர் ஓம் எண்டா அந்த ஒரு நிமிசத்தப் பேஜில போடுங்க. மறுகா, காசு கட்டி போஸ்டக் கனபேருக்குக் காட்டுற பூஸ்ட் பட்டனத் தட்டி ஊர் முழுக்கக் காசு இறைக்காம, அந்த வீடியோவ பாதிக்கு மேல பாத்தவங்களுக்கு மட்டும் அடுத்த பெட்ச் விளம்பரத்தக் காட்டலாம். பேஸ்புக் கம்பனியான மெட்டாவிட விளம்பரப் பகுதியில கஸ்டம் ஓடியன்ஸ் எண்டு தேடுங்க, இரிக்கு.

கேள்வி (அக்கரைப்பற்று): ஸ்டோலுக்குக் குடுத்த காசு ஒன்லைன்ல திரும்பி வந்திச்சா எண்டு எப்பிடிக் கண்டு பிடிக்கிற?

பதில்: வட்ஸ்அப் பிஸ்னஸ்ல கியூஆர் எடுக்கிற இடத்திலயே, ஸ்கேன் பண்ணினா என்ன வசனம் தானா வரணும் எண்டு எழுதி வைக்கலாம். "கல்முனை ஸ்டோல்ல கண்ட ஆள்" எண்டு போடுங்க. அப்பிடி வாற எல்லாருக்கும் அந்த அப்புக்குள்ளயே அதே பேர்ல ஒரு லேபல் ஒட்டுங்க. ரெண்டு மாசம் கழிச்சு லேபலத் திறந்து எத்தின பேர் வாங்கினாங்க, எவ்வளவுக்கு எண்டு கூட்டுங்க. ஸ்டோல் வாடகை, வேன் கூலி, நிண்ட புள்ளைகள்ற சாப்பாடு எல்லாம் அதே கொப்பியில பக்கத்துப் பக்கத்தில இரிக்கட்டும். சாப்பாட்ட எழுத மறக்காதீங்க, நான் முதல் ரெண்டு தரமும் மறந்திட்டுத்தான் லாபம் எண்டு திரிஞ்சன்.