விம் நீட்சி போட்டதும் கன்ட்ரோல் எஃப் மக்கர் செய்கிறதா?

காரைக்குடித் தம்பி, நிரல் எழுதும் விஎஸ் கோடில், விம் என்ற எடிட்டரின் விசைகளைக் கொண்டுவரும் விம் நீட்சியைப் போட்டதிலிருந்து கன்ட்ரோல் எஃப் அடித்தால் தேடல் பெட்டி வராமல் பக்கம் கீழே ஓடுகிறது என்கிறீர்கள். கீபோர்டு மேல் தப்பில்லை. விம்மில் அந்த விசைக்கு ஒரு பக்கம் கீழே போ என்றுதான் அர்த்தம்; நீட்சி முந்திக்கொள்கிறது. இது புரியாமல் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் புதுக் கீபோர்டே வாங்கி வந்தவன் நான்!

செட்டிங்ஸில் ‘யூஸ் கன்ட்ரோல் கீஸ்’ என்று தேடி டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் விம்மின் கன்ட்ரோல் விசைகள் எல்லாமே போய்விடும். கன்ட்ரோல் ஆர் அடித்து ரீடூ செய்து, அதாவது அன்டூ செய்ததைத் திரும்பக் கொண்டுவந்து பழகியிருந்தால் தவித்துப்போவீர்கள். அதனால் ‘ஹேண்டில் கீஸ்’ என்பதைத் திறந்து, கன்ட்ரோல் எஃப்பை மட்டும் ஃபால்ஸ் ஆக்குங்கள்; அந்த ஒரு விசையை மட்டும் நீட்சி விட்டுவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேறு விசையும் படுத்தினால் கன்ட்ரோல் கே, அப்புறம் கன்ட்ரோல் எஸ் அடியுங்கள். எந்த விசை யார் கையில் என்று பட்டியலே வரும்.