புது கேபிள் போட்டும் ஏறாத பைக்

கேள்வி: கிளட்ச் கேபிளை மாற்றியதிலிருந்து, பர்லியாறு தாண்டி ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, பைக் நகர மறுக்கிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?
– குன்னூர் வாசகர்

பதில்: பிளேட் வாங்க ஓடாதீர்கள் ஐயா! கேபிளை வீணைத் தந்தி போல முறுக்கியிருப்பார்கள் என்பதே என் சந்தேகம். லீவரை விட்ட பிறகும் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் பிளேட்டுகள் முழுதாக அழுந்தாமல் வழுக்கும். சமவெளியில் மறைந்திருப்பது மலையேற்றத்தில் வெளிப்படும். பெரும்பாலான பைக்குகளில் லீவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை, கேபிளை இழுக்காமல் வெறுமனே அசைய வேண்டும். எஞ்சின் பக்கத் திருகில் முதலில் தளர்த்துங்கள். மீதியைக் கைப்பிடித் திருகில் சரிசெய்து திருகு நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பும்போது அசைவு குறைந்தால், கேபிளைத் தவறான வழியில் கொண்டுபோயிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. நம் ஊர் மழைநீர் உள்ளே இறங்காதபடி, கைப்பிடித் திருகில் கேபிள் நுழையும் பிளவு கீழ்நோக்கியே இருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு வழுக்கினால் பிளேட்டைப் பார்க்கலாம்.