இஸ்போர்ஸ்க் கோட்டை: லுகோவ்கா கோபுரம் மட்டும் மதிலுக்கு உள்ளே இருப்பது ஏன்?

ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள இஸ்போர்ஸ்க் கோட்டையின் வரைபடத்தில் லுகோவ்கா கோபுரம் மட்டும் மதிலுக்கு உள்ளே காட்டப்பட்டிருந்தால், அது உங்கள் வரைபடத்தின் பிழையன்று; மற்றக் கோபுரங்கள் மதிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, லுகோவ்கா உண்மையிலேயே உட்புறத்தில்தான் நிற்கிறது.

காரணம் பெரும்பாலும் அதன் வயது. 1303-இல் ஊர் பழைய மேட்டைவிட்டு ஜெராவ்யா குன்றுக்கு மாறியபோது அரண் மரத்தாலானது என்றும், அதில் கல்லால் எழுந்த ஒரே கோபுரம் இதுவே என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. 1330-இல் சுண்ணாம்புக்கல் மதில் எழுந்தபோது, அது இக்கோபுரத்தை உள்ளே விட்டு வெளிப்புறமாக வளைந்து சென்றது. பிற்காலக் கோபுரங்களின் வேலையே வேறு: மதிலடிக்கு வந்துவிட்ட பகைவரைப் பக்கவாட்டில் தாக்க வேண்டுமானால், அவை வெளியே நீண்டிருந்தாக வேண்டும்.

வரைபடத்தைச் சரிபார்க்க, சமதரையாக உள்ள மேற்குப் பக்கத்தைப் பாருங்கள். செங்குத்துச் சரிவு காவலாக இல்லாத அப்பக்கத்தில் வீஷ்கா, ரியாபினோவ்கா, தெம்னூஷ்கா ஆகிய கோபுரங்கள் வரிசையாக இருக்க வேண்டும். இல்லையெனில் திசைக்குறி தவறாக இடப்பட்டிருக்கலாம்.

ஆனால், புகைப்படத்தில் தெரியும் கல்வரிசையை மட்டும் வைத்துக் கோபுரங்களின் காலத்தைக் கணிக்காதீர்கள். ஊரின் 1150-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 2012 வாக்கில் நடந்த, கடும் விமர்சனத்துக்குள்ளான சீரமைப்பு உட்பட, பல இடங்களில் புதிய கட்டுமானம் பழையதன்மேல் ஏறியிருக்கிறது.