திருத்தம் ஏற்றியதும் பிழை இரட்டிப்பானது ஏன்?

கேள்வி: எங்கள் சிஎன்சி மில்லிங் மெஷினின் எக்ஸ் அச்சை லேசரில் அளந்து, மென்பொருள் தந்த திருத்தத்தை ஏற்றினேன். மறுபடி அளந்தால் பிழை அப்படியே இரண்டு மடங்கு! எங்கே தவறு?

பதில்: குறி மாறியிருக்கும், பிளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ். எல்லோரும் ஒரு தடவையாவது செய்வதுதான். கன்ட்ரோலரில் உள்ள பிட்ச் திருத்த அட்டவணையை (அச்சின் ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு திருத்த வேண்டும் என்ற பட்டியல்) முதலில் பூஜ்யமாக்குங்கள், அப்புறம் அளவீட்டைப் புதிதாக அமையுங்கள்: மீட்டருக்குக் குறைந்தது 5 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் இரு திசையிலிருந்தும் 5 முறை (அச்சுத் துல்லியத்தைச் சோதிக்கும் தரநிலையான ஐஎஸ்ஓ 230-2 கேட்பது இதைத்தான்), கடைசிப் புள்ளியைச் சில மில்லிமீட்டர் தாண்டிப்போய்த் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த முனையில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) சரியாகப் பதிவாகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓரிரு நொடி நிற்கட்டும். வெப்ப சென்சாரை மெஷினின் வெளி மூடியில் ஒட்டாதீர்கள், வெப்பநிலை தவறினால் அளவும் தவறும். எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கே சுமார் 12 மைக்ரான் நீளும்.