ஊருக்கு அழைத்துக்கொள்ளாதீர்கள்

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், மயக்க மருந்து நிபுணருக்கு உதவியாளராகும் முதுகலைப் படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறாள். வேலை கேட்டுப் போன ஓரிடத்தில், "எங்கள் மயக்க மருந்து நர்ஸுகள் உங்களைச் சேர்க்க விடமாட்டார்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். இரவில் போன் போட்டு அழுகிறாள். டர்பனுக்கே அழைத்துக்கொள்ளலாமா? நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

அழைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே மயக்க மருந்து கொடுப்பவர்கள் டாக்டர்கள் மட்டும்தான். அவள் படித்த படிப்புக்கு நம் நாட்டில் பதிவேடே கிடையாது. டாக்டர்களுக்கு உதவியாளராகும் கிளினிக்கல் அசோசியேட் என்று 2008-இல் ஒரு மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கினார்களே, பதிவேடு, பட்டம் எல்லாம் இருந்தும், அதை முடித்துவிட்டு அரசு வேலைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! உங்கள் மகளுக்கு அந்த வரிசைகூட இல்லை.

அவளிடம் அப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த நர்ஸுகளின் பக்கமும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நர்ஸுகள் மயக்க மருந்து கொடுத்துவருகிறார்கள். உங்கள் மகளின் தொழில் 1969-இல், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலும் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்விலும் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர்கள் டாக்டர்கள். தாங்கள் வளர்த்த தோட்டத்துக்குள் டாக்டர்கள் வேறு ஆளை அனுப்புகிறார்கள் என்று நர்ஸுகள் நினைத்தார்கள். இன்னும் நினைக்கிறார்கள். பல மாநிலச் சட்டசபைகளில் இந்தச் சண்டை நடக்கிறது.

சண்டை ஒருபுறம் இருக்கட்டும், அவள் பார்க்க வேண்டியது ஒரு கணக்கு. பல மாநிலங்களில் நர்ஸ் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே மயக்க மருந்து கொடுக்கலாம். உங்கள் மகள் மயக்க மருந்து நிபுணரின் கீழ் மட்டுமே வேலை செய்ய முடியும். நிபுணரே இல்லாத சின்ன ஊர் மருத்துவமனை அவளை எவ்வளவு விரும்பினாலும் எடுக்க வழியில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீட்டு விதிப்படி, ஒரு நிபுணர் ஒரே நேரத்தில் நான்கு அறைகள் வரை வழிநடத்தலாம். எனவே நிபுணர்கள் பலர் சேர்ந்து நடத்தும் பெரிய மருத்துவமனைகளில்தான் அவளுக்கு இடம். ஒஹாயோ, ஜார்ஜியா, ஃப்ளோரிடா போல உரிமம் தரும் மாநிலங்களை முதலில் பார்க்கட்டும். நேர்முகத்தில் கூச்சப்படாமல் கேட்கட்டும்: இவளைப் போன்றவர்கள் அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறார்களா? இரவுப் பணியில் எத்தனை நிபுணர்கள் இருப்பார்கள்? முதல் கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், முதல் ஆளாகப் போய் எல்லா அடியையும் வாங்க வேண்டியதில்லை. புதிதாக வருபவளுக்கு அந்தப் பாரம் அதிகம்.

லண்டன் யோசனை இருந்தால் அதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்தே வருகிறது. 2023 அக்டோபரில் மயக்க மருந்து டாக்டர்களின் அமைப்பான ராயல் காலேஜின் உறுப்பினர்கள், இந்த உதவியாளர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவைக்கச் சொல்லி வாக்களித்தார்கள்.

இனி நான் சொல்லத் தயங்கிய ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவ ஒரு டெக்னீஷியன் வந்தார். மெஷினைச் சரிபார்ப்பது, குழாய்களை எடுத்துவைப்பது, டாக்டரின் கையோடு கையாக நிற்பது அவர் வேலை. அதுவரை அதைச் செய்தவர்கள் நாங்கள். தேநீர் அறையில் அவருக்கு யாரும் நாற்காலி தள்ளிப் போடவில்லை. நானும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலதிகாரியிடம் அவரைப் பற்றிப் புகாரும் சொன்னேன்.

ஒரு நாள் நள்ளிரவில் அவசர சிசேரியன். பால் நிற மருந்து உள்ளே போனது, தாய் மயங்கினாள், டாக்டர் தொண்டையில் குழாயை இறக்கினார். டெக்னீஷியனின் கண் திரையில் ஓடிய ஒரு கோட்டில் இருந்தது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைக் காட்டும் கோடு அது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது மேடுபோல எழ வேண்டும். எழவில்லை. குரலை உயர்த்தாமல், "டாக்டர், கோடு எழவில்லை" என்றார். குழாய் மூச்சுக்குழலுக்குப் பதில் உணவுக்குழலுக்குள் போயிருந்தது. டாக்டர் மறுபேச்சில்லாமல் உருவினார். முகமூடியை வைத்து ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மறுபடி இறக்கினார். இந்த முறை கோடு எழுந்தது. சற்று நேரத்தில் குழந்தை அழுதது. டெக்னீஷியன் குழாயைப் பிளாஸ்டரால் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார், அந்தக் கை நடுங்கவே இல்லை.

மறுநாள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் மகளை விலக்கியவர்களில் என்னைப் போன்றவர்களும் இருக்கலாம். எந்த நேர்முகத்திலும் நர்ஸுகளைக் குறைத்து ஒரு சொல் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளை அறையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அவர்கள்தான்.

நாள் மட்டும் கடத்த வேண்டாம். மாணவர் விசாவில் போனவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை செய்ய வழக்கமாகக் கிடைக்கும் அனுமதி 12 மாதம்தான். பல்கலைக்கழகத்தோடு இணைந்த, லாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை வேலை விசாதான் என்ற உச்சவரம்பு கிடையாது, அவற்றுக்கு முதலில் விண்ணப்பிக்கட்டும். இன்றிரவு போன் வந்தால், இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.